ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதியே

2021 மே மாதத்தின் ஓர் இரவு. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு மகனைத் தொலைபேசியில் அழைத்து, அவருடைய தந்தை இறந்துவிட்டதைத் தெரிவித்தேன். மறுமுனையில் அழுகை கேட்டது. நானோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு குடும்பங்களை அழைக்க வேண்டியிருந்தது. ஓர் ஆறுதல் சொல்கூடக் கூறவில்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அம்மாதம் 21ஆம் நாள் மட்டும் தமிழ்நாட்டில் 36,000-க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. கவச உடைக்குள் பல மணி நேரம் தண்ணீர்கூட அருந்தாமல் பணியாற்றிய செவிலியர், வீட்டில் தம் குழந்தையைத் தொடவும் அஞ்சினர். உடற்களைப்பு உறக்கத்தில் தீரும். அடுத்தடுத்து மரணங்களைக் கண்டு, துக்கப்படவும் நேரமின்றி உழைப்பவரின் மனமோ மரத்துப்போகிறது. இதுவே பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் இதனை ஒரு நோயாகக் கருதவில்லை; சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுக்கிறது. ஆற்றல் வற்றுதல், பணியிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

2020 மார்ச் 22 அன்று நாடே எங்களுக்காகக் கைதட்டியது. அந்த அன்பை மறவோம். ஆயினும் எங்களைத் தெய்வம் என்று போற்றும்போது, தெய்வத்திற்கு ஓய்வு எதற்கு என்ற எண்ணமும் உடன் வந்துவிடுகிறது.

தியானமும் மூச்சுப்பயிற்சியும் மட்டும் இதற்கு மருந்தாகா. போதிய செவிலியர், வரையறுத்த பணிநேரம், கடும்பணிக்குப் பின் கட்டாய ஓய்வு, மனம்விட்டுப் பேச ஓர் இடம் ஆகியவற்றை மருத்துவமனைகள் சாதாரண நாட்களிலேயே ஏற்படுத்த வேண்டும். சோர்ந்த கை மருந்தின் அளவில் பிழை செய்யக்கூடும். ஆகவே, எங்கள் ஓய்வு உங்கள் பாதுகாப்பும் ஆகும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்பதை நிறுத்தாதீர்கள். அது உங்கள் உரிமை. குடும்பத்தின் சார்பில் ஒருவரே பேசினால், எங்களாலும் நிதானமாக விளக்க இயலும். எங்களில் எவரேனும் கடுமையாக நடந்துகொண்டால் தயங்காமல் தெரிவியுங்கள். சோர்வு அதற்குக் காரணமாகலாம், நியாயமாகாது.

மூன்று மாதங்களுக்குப் பின் அந்த மகனை மீண்டும் அழைத்தேன். "அப்பா கடைசியில் தனியாகவா இருந்தார், டாக்டர்?" என்று கேட்டார். இல்லை, செவிலியர் ஒருவர் அவர் கையைப் பற்றியிருந்தார் என்றேன். அந்த இரவே நான் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.