தாத்தாக்களை மைதானத்துக்குக் கூப்பிடுவோம்!

பூப்பந்துன்னு சொன்னதும் நம்மில் பலர், "ஷட்டில்தானே?" என்கிறோம். இல்லை! இது மஞ்சள் கம்பளி நூல் பந்து. அணிக்கு 5 பேர். தஞ்சாவூரில் பிறந்த நம்ம ஆட்டம். 1954-லேயே இதற்கு அகில இந்திய சம்மேளனம் வந்துவிட்டது.

ஷட்டில் லேசான காத்துக்கே திசை மாறும், உள்ளரங்கம் வேணும். பூப்பந்துக்கு 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் மண் தரையும் ஒரு வலையும் போதும். அதியமான்கோட்டையில் இடத்துக்கா பஞ்சம்?

அன்று ஆடியவர்களுக்கு இன்று 60 வயசுக்கு மேல். "முட்டி வலிக்குதுப்பா, எங்களால ஓட முடியுமா?" என்பார்கள். ஓட வேண்டாம். பந்தைச் சுழல விட்டு 'கட்' அடிக்கும் மணிக்கட்டு வித்தையைக் காட்டினால் போதும். புத்தகம் படிச்சா அது கைக்கு வராது. அவர்கள் காலத்தோடு போனால் போனதுதான்.

"கிரிக்கெட் இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்கலாம். கிரிக்கெட்டை விடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு மாலைதான் கேட்கிறேன். பி.டி. சார் மனசு வைத்தால் இந்தச் சனிக்கிழமையே கோடு போடலாம். சொல்லித் தருவது அவர்கள், ஓடுவது நாம். பேட் பிடிக்க யார் யார் ரெடி?