பாட்டிக்குத் தெரிந்த கீரையும் பாடம்தான்!

நல்ல மழை பெய்து நான்கு நாள் ஆகட்டும். இருளர் வீட்டுப் பாட்டி வரப்போரம் போய் மடி நிறையக் கீரை பறித்து வருவார். எது குழந்தைக்கு ஆகும், எது பிள்ளை பெற்றவளுக்கு ஆகும், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த எலி வளையில் நெல் இருக்கும் என்று தாத்தாவுக்குத் தெரியும்.

பேரப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அங்கே இந்த அறிவுக்கு ஒரு மார்க்கும் கிடையாது!

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது இடையஞ்சாவடி. அங்கிருந்து வடக்கே மரக்காணம் வரை செம்மண் மேடு, கழுவெளி ஏரி, உப்பளம் என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது. இந்த வட்டாரத்தில் இருளர் குடும்பங்கள் பல உண்டு. உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை செய்கிறார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் உப்பு விளையாது; கூலியும் கிடைக்காது. அதே மழையில்தான் கீரை தழைக்கிறது. கையில் காசில்லாத மாதத்தில் வயிற்றுக்குக் கை கொடுப்பது அந்தப் பழைய அறிவுதான்.

அமெரிக்கா அழைத்தது

அமெரிக்காவில் புளோரிடா என்ற இடத்தில் மலைப்பாம்புகள் பெருகி, மற்ற உயிர்களை விழுங்கி வந்தன. அவற்றைப் பிடிக்க 2017-ல் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அழைக்கப்பட்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பின் தடம் பார்க்கும் வித்தை கல்லூரியில் கற்றது அல்ல. தகப்பனும் பாட்டனும் கற்றுத் தந்தது.

பாம்பு பிடிக்கும் அறிவுக்கு விருது உண்டு. உணவு தேடும் அறிவுக்குப் பள்ளியில் இடம் வேண்டாமா?

பணம் எங்கே?

மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று மத்திய அரசு 75 இனங்களைக் கணக்கிட்டிருக்கிறது. இருளர் அதில் ஒன்று. இவர்களுக்காக 2023 நவம்பரில் தொடங்கிய ஜன்மன் திட்டத்தின் மதிப்பு சுமார் 24,104 கோடி ரூபாய். வீடு, சாலை, குடிநீர், மின்சாரம் எல்லாம் அதில் உண்டு. வேண்டியவைதான். பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போடவும் 2019-ல் மத்திய அரசு வழி சொன்னது. விளைந்ததை மதிய உணவில் சேர்க்கச் சொன்னது.

ஆனால் உத்தரவு போட்டால் தோட்டம் வளர்ந்துவிடாது. தண்ணீர்க் குழாய், வேலி, மண்வெட்டி, விதை வேண்டும். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லித்தர வரும் பாட்டிக்கு அன்றைய கூலி வேண்டும். வேலையை விட்டுவிட்டுச் சும்மா பாடம் சொல்ல ஏழையால் முடியுமா? பொன்னாடை போர்த்தினால் உலை கொதிக்குமா?

ஆகவே பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் இதற்கென்று ஆண்டுதோறும் தனிப் பணம் ஒதுக்க வேண்டும். ஓர் ஆண்டு கொடுத்து மறு ஆண்டு நிறுத்தினால், நட்டது காய்ந்துபோகும்.

இடையஞ்சாவடியைச் சுற்றியுள்ள செம்மண் மேடே இதற்குச் சாட்சி. மழையில் அரிபட்டு, பொட்டலாகக் கிடந்த நிலம் அது. 1968-ல் ஆரோவில் தொடங்கிய பிறகு கரை போட்டார்கள், மரம் வைத்தார்கள், பல ஆண்டுகள் விடாமல் காத்தார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது!

குலக் கல்வியா?

"படிக்க வந்த பிள்ளையை மறுபடியும் மண்வெட்டி பிடிக்கச் சொல்வதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1953-ல் வந்த அரை நாள் படிப்புத் திட்டத்தைக் குலக் கல்வி என்று தமிழ்நாடு எதிர்த்தது. 1954-ல் அது கைவிடப்பட்டது. அந்தத் தவறு திரும்ப வரக் கூடாது.

இங்கே கேட்பது அரை நாள் அல்ல. வாரத்தில் ஒரு மணி நேரம். கணக்கும் இங்கிலீஷும் ஒரு துளியும் குறையக் கூடாது. இருளர் பிள்ளை மட்டும் அல்ல, வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் தோட்டத்தில் இறங்க வேண்டும். அப்போது அது குலத்தொழில் ஆகாது. பொது அறிவு ஆகும். "என் பாட்டி எல்லோருக்கும் டீச்சர்" என்று சொல்லும் பிள்ளை, பள்ளிக்கூடத்தை விட்டு எளிதில் ஓடாது.

பாட்டியின் அறிவு எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்படவில்லை. அவரோடு அது போய்விட்டால், பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் வாங்க முடியாது. பாட்டி இருக்கும்போதே பள்ளிக்கூடம் அவரைக் கூப்பிடட்டும்!