இடையில் நிற்பவர் யார்?

கருவறைக்கும் பக்தனுக்கும் இடையே ஒருவர் நிற்கிறார். ஏனென்றால், உன் மொழி ஆண்டவனுக்கு ஆகாது என்கிறார். அவரைக் கேள்வி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அரசு அலுவலக வாயிலிலும் ஒருவர் நிற்கிறாரே, அவரைக் கேட்டோமா?

அவர் தறி தொட்டறியார், உளி பிடித்தறியார். ஆயினும் ஆடைக்கும் நாற்காலிக்கும் ஒப்பந்தம் அவர் பெயரில்! உழைத்தவனுக்குக் கூலி, இடையில் நின்றவருக்கு இலாபம்!

"இடையாள் இன்றி அரசுக் கொள்முதல் நடக்குமா?" என்பர் சிலர். அக்கேள்வியை நாம் ஒதுக்கவில்லை. பகுத்துப் பார்ப்பதன்றோ பகுத்தறிவு!

பத்தாயிரம் வேட்டி வேண்டுமென்கிறது அரசு. ஒரு நெசவாளியால் நூறுதான் இயலும். நூறு பேரின் சரக்கைத் திரட்ட ஒருவர் வேண்டும். தரம் பார்க்க வேண்டும். பணம் வரும்வரை நூலுக்கு முதல் போட வேண்டும். தவறினால் பொறுப்பேற்க வேண்டும். இச்சுமையைச் சுமப்பவன் உழைப்பாளி. அவனுக்கு ஊதியம் உரியது. எந்த அதிகாரியின் கதவு எப்போது திறக்கும் என்பதை மட்டுமே விற்பவர் தரகர். அவர் பெறுவது வழிப்பறி. வேறுபாடறிய ஒரே கேள்வி போதும்: சரக்குக் கெட்டால் இழப்பு யாருக்கு?

சுமக்கும் வேலையைக் கூட்டுறவே செய்யலாம். தமிழ்நாட்டில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சீருடை தைத்துத் தரவில்லையா? அங்கே இடையில் நிற்பது உழைப்பவரின் சொந்தச் சங்கம்!

தரகரைத் தடை செய்தால் தீருமா? 1986இல் போபர்ஸ் பீரங்கி வாங்கியபோது இடைத்தரகர் கூடாதென்றே அரசு சொன்னது. 1987இல் ஸ்வீடன் வானொலி, தரகுப் பணம் கைமாறியதென்று அறிவித்தது. வாயால் விரட்டினால் தரகர் போகார். அவர் பிழைக்கும் காரணத்தை வெட்ட வேண்டும்.

காரணம் மூன்று: பணம், தாமதம், மொழி. முதலிரண்டுக்கும் சட்டம் உண்டு. 2012ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்முதல் ஆணை, குறு, சிறு உற்பத்தியாளருக்கு முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்களிக்கிறது. வாங்கி விற்கும் வணிகருக்கு அச்சலுகை இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் வங்கி வட்டி வீதத்தின் மும்மடங்கு வட்டி! இதை எத்தனை நெசவாளர் அறிவர்? அறியாமைதான் தரகரின் முதலீடு.

மொழியோ இன்னும் கொடிது. பக்கம் பக்கமாய் ஆங்கில நிபந்தனை. புரியாத மந்திரம் இருக்கும்வரை பூசாரியும் இருப்பார்! ஒப்பந்தப்புள்ளி ஆவணம் ஒவ்வொன்றும் தமிழிலும் வேண்டுமெனக் கேட்போம்.

அதுவரை காத்திருப்பதா? தோழர்களே, படிப்பகங்களில் செய்தித்தாள் படித்துக் காட்டி நாட்டை விழிக்கச் செய்த மரபு நம்முடையது. இன்று அங்கேயே ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைப் படித்துக் காட்டுவோம். படிவம் நிரப்பக் கற்றுக் கொடுப்போம், காசு வாங்காமல். நெசவாளி தன் பெயரைத் தானே எழுதும் நாளில், வாயிலில் நிற்பவருக்கு வேலை இராது!