“ஷோ போட்” நாடகத்தின் யோக்கியதை

அமெரிக்காவில் “ஷோ போட்” என்று ஒரு பாட்டு நாடகம் உண்டு. எட்னா பெர்பர் என்ற மாது எழுதிய நாவலுக்கு ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் வசனமும் பாட்டும் எழுத, ஜெரோம் கெர்ன் சங்கீதம் அமைத்து, 1927-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி நியூயார்க்கில் அரங்கேறிற்று. 572 தடவை ஆடிய பிறகு 1932, 1946, 1983, 1994 ஆகிய வருஷங்களில் அந்நகரத்திலேயே புதுப்பித்துப் போடப்பட்டது. வெறும் ஆட்டமும் சிரிப்புமாய் இருந்த மேடையில் கறுப்பு மக்களின் கஷ்டத்தைக் காட்டிய நாடகம் என்று கலைப் பண்டிதர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அப்புகழில் பாதி நியாயமானதுதான். மற்றப் பாதியைப் பற்றியே நாம் பேச வந்தோம்.

கதையில் நியாயமான பாகத்தை முதலில் சொல்லிவிடுவோம். மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராய்ப் போகும் நாடகப் படகில் ஜூலி என்பவள் முக்கிய நடிகை. பார்வைக்கு வெள்ளைக்காரி, ஆனால் வம்சத்தில் கறுப்பு ரத்தம் கலந்தவள். அவள் புருஷன் வெள்ளையன். அந்த மாகாணச் சட்டப்படி இக்கலியாணம் குற்றம். ஒருவன் கோள் சொல்லிவிட, அதிகாரி பிடிக்க வருகிறான். உடனே புருஷன் மனைவியின் கையைக் கத்தியால் கீறி, அந்த ரத்தத்தை உறிஞ்சிவிட்டு, “என் உடம்பிலும் கறுப்பு ரத்தம் இருக்கிறது” என்று சத்தியம் செய்கிறான். அதிகாரி வாயடைத்துப் போகிறான். ஆனாலும் இருவரும் படகை விட்டு வெளியேறத்தான் வேண்டியிருக்கிறது.

தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். ரத்தத்தில் உயர்வு தாழ்வு ஆண்டவன் எழுதி வைத்தான் என்ற சாஸ்திரமெல்லாம் ஒரு வாய் ரத்தத்தில் கவிழ்ந்து போயிற்று! காலையில் வெள்ளையனாய் எழுந்தவன் மத்தியானம் கறுப்பனாகிவிட்டான். இது வெறுங்கதை அல்ல. வர்ஜீனியா மாகாணத்தார் 1924-ல் செய்த சட்டத்தில், வேறு ரத்தம் துளியும் கலவாதவனே வெள்ளையன் என்று எழுதினார்கள். ஆனால் போகஹோண்டாஸ் என்ற செவ்விந்தியப் பெண்ணின் சந்ததி என்று பெருமை பேசிய பெரிய குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களுக்காகப் பதினாறில் ஒரு பங்கு செவ்விந்திய ரத்தம் இருந்தால் தோஷமில்லை என்று ஒரு சந்தும் வைத்தார்கள். பணக்காரன் ரத்தத்துக்கு மட்டும் பரிகாரம் உண்டு போலும்! இப்படிப்பட்ட கலியாணத் தடைகள் செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 1967-ல். அலபாமா மாகாணம் அதைத் தன் அரசியல் சட்டப் புத்தகத்தில் இருந்து எடுத்தது 2000-ல்.

நிற்க. இவ்வளவு புத்தி சொன்ன நாடகம் எங்கே முதலில் வெள்ளோட்டம் விடப்பட்டது தெரியுமா? 1927 நவம்பரில், வாஷிங்டனில் நேஷனல் தியேட்டரில். அக்கொட்டகையிலோ கறுப்பு மக்களுக்கு நாற்காலி கிடையாது. மேடையில் அவர்கள் மூட்டை தூக்கலாம், பாடலாம். டிக்கெட் வாங்கி உட்காரக் கூடாது. 1936-ல் வேறொரு நாடகத்துக்கு வந்த டாட் டங்கன் என்ற கறுப்புப் பாடகர், எங்கள் ஜனங்களை உள்ளே விடாவிட்டால் பாடமாட்டேன் என்று பிடிவாதம் செய்த பிறகே, அந்த ஆட்டத்துக்கு மாத்திரம் கதவு திறந்தது.

வேஷங்களைப் பாருங்கள். குயினி என்னும் கறுப்புச் சமையற்காரி வேஷத்தை 1927-ல் போட்டவள் முகத்தில் கரி பூசிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரி. ஜூலி வேஷமும் வெள்ளையருக்கே. 1946-ல் வந்த ஒரு சினிமாவில் லீனா ஹார்ன் என்ற கறுப்பு மாது ஜூலியாக வந்து பாடிக் காட்டியிருந்தும், 1951-ல் முழுக்கதையையும் படமெடுத்தபோது ஏவா கார்ட்னரைப் பிடித்தார்கள். பாட்டுக்கோ வேறொருத்தி குரல்! நியூயார்க் மேடையில் ஒரு கறுப்பு நடிகை ஜூலியாக நிற்க 1983 வரை, அதாவது 56 வருஷம் ஆயிற்று.

“அக்காலத்தில் உள்ளதை உள்ளபடி காட்டுகிறோம்” என்று சமாதானம் சொல்லுகிறவர்களை நாம் கேட்கிறோம்: உள்ளபடி காட்டுகிறவனுக்குக் கரி டப்பா எதற்கு?

இனி அந்த முதல் வார்த்தை. திரை தூக்கியதும் பஞ்சு மூட்டை சுமக்கும் கூலிகள் தங்களைத் தாங்களே ஒரு கேவலமான இழிசொல்லால் சொல்லிக்கொண்டு பாடுவதாகத்தான் 1927-ல் எழுதியிருந்தார்கள். 1936 படத்தில் சற்று மெழுகிய மற்றோர் இழிசொல். 1946-ல் “நிறத்து ஜனங்கள்” என்று மரியாதை. வார்த்தை பல முறை மாறிற்று. முதுகில் இருந்த மூட்டை ஒரு முறையும் இறங்கவில்லை! கதை சுமார் 40 வருஷம் நடக்கிறது. வெள்ளையர் கலியாணம் செய்கிறார்கள், பிரிகிறார்கள், பட்டணத்தில் பேர் வாங்குகிறார்கள். ஜோ என்னும் கறுப்பன் மாத்திரம் அதே ஆற்றங்கரையில் அதே பாட்டைப் பாடிக்கொண்டு தலை நரைக்கிறான்.

1988-ல் பழைய பாடத்தை அட்சரம் பிசகாமல் இசைத்தட்டில் பதிய முயன்றபோது, அந்த இழிசொல்லைப் பாடமாட்டோம் என்று கறுப்புப் பாடகர் கோஷ்டி வெளியேறிற்று. 1993-ல் கனடாவில் டொரண்டோவில் மறுபடி போட வந்தபோது அங்குள்ள கறுப்பு மக்கள் எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். உடனே “கலைக்கு ஆபத்து” என்று கூச்சல்! நாடகத்தைக் கொளுத்த வேண்டுமென்பது நம் அபிப்பிராயம் அல்ல. வலி யாருக்கோ, பாட்டை எப்படிப் பாடலாம் என்பதிலும் அவர்களுக்கே முதல் பேச்சு என்கிறோம்.

அப்படிப் பேசிய ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். 1928-ல் லண்டனிலும், 1932-ல் நியூயார்க்கிலும் ஜோவாகப் பாடி உலகப் பேர் பெற்ற பால் ராப்சன், பின்னாளில் தன் கச்சேரிகளில் அப்பாட்டின் அடிகளை மாற்றினார்; வாழ்ந்து சலித்தவன் புலம்பலைச் சாகும்வரை போராடுகிறவன் பேச்சாக்கினார். எழுதிய ஹாமர்ஸ்டைன் இதை ஒப்பவில்லை. 1946-ல் இழிசொல் மாறிய நாடகத்தை மேடையேற்றியவர்களில் அவரும் ஒருவரே! வெள்ளையரின் கூச்சம் தீர மாற்றலாமாம். கறுப்பனுக்கு ரோஷம் வர மாற்றக் கூடாதாம். அமெரிக்க சர்க்காரோ 1950-ல் ராப்சனின் பாஸ்போர்ட்டையே பிடுங்கிற்று. 1958 வரை கொடுக்கவில்லை. நடுவே 1957-ல் லண்டன் ஜனங்கள் ஒரு மண்டபத்தில் கூடி, கடலடியில் போட்ட டெலிபோன் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்து அவர் பாடியதைக் கேட்டார்கள்.