பச்சை விளக்கும் பழுதான பிரிட்ஜும்

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். வீட்டோடு விசைத்தறி ஓடும் குடும்பம். போன சித்திரையில் ஒரு நாள் போனில் கூப்பிட்டாள். குரலிலேயே சூடு தெரிந்தது.

"ஏட்டி, எங்க வீட்டு பிரிட்ஜ் சரியாயிட்டுதாம். செய்தி வந்திருக்கு. உள்ள வச்ச தயிரு மட்டும் புளிச்சுப் பொங்குது!"

விஷயம் இதுதான். பிரிட்ஜ் குளிரவில்லை என்று கம்பெனிக்குப் புகார் சொல்லியிருக்கிறாள். ஆள் வரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், 'உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது' என்று செல்போனில் செய்தி வந்தது. மறுபடி கூப்பிட்டாள், புதிதாக ஒரு புகார் எண் கொடுத்தார்கள். அதுவும் இரண்டாம் நாளில் 'தீர்ந்தது'. மூன்றாவதும் அப்படியே.

தயிர் போனால் போகட்டும், சகோதரிகளே. அவள் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. திறக்காத இன்சுலின் மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அந்த ஊர்ச் சித்திரை வெயிலில் அது நடக்கிற காரியமா? பக்கத்து வீட்டு பிரிட்ஜில் இடம் கேட்டு வைத்தாள். அவர்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் இவளுக்கு வயிற்றில் புளி கரைந்தது.

வீட்டில் பாம்போ தேளோ தென்பட்டால், வெள்ளியில் அதன் உருவம் வாங்கி சங்கரநாராயணர் கோவில் உண்டியலில் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். "கோமதி அம்மங்கிட்ட முறையிட்டா, தீர்ந்துச்சுன்னு பொய்ச் செய்தி வாரதில்ல" என்றாள்.

சரி, அந்தக் கம்பெனியில் என்னதான் நடந்திருக்கும்? அதற்கு 'டாஷ்போர்டு' என்பதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்னே குதிரை வண்டிகளில், குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாமலிருக்க முன்னால் ஒரு பலகை அடித்திருப்பார்கள். அதற்குத்தான் இங்கிலீஷில் அந்தப் பெயர். மோட்டார் கார் வந்ததும் பெட்ரோல் அளவும் வேகமும் காட்டும் முள்கள் அந்தப் பலகையில் ஏறின. இப்போது கம்பெனிகளில் கம்ப்யூட்டர் திரையே அந்தப் பலகை. இன்று வந்த புகார் எத்தனை, முடிந்தது எத்தனை, முதல் பதில் சொல்ல எத்தனை நிமிஷம் ஆயிற்று, எந்த இயந்திரம் திணறுகிறது எல்லாம் அதில் தெரியும். நன்றாக இருந்தால் பச்சை, மோசமானால் சிவப்பு.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கரன்கோவிலில் ரயில் ஏறினால், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் தாண்டித் தென்காசி. அதற்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறிய கம்பெனி, 2011-ல் அங்கே ஓர் அலுவலகம் போட்டது. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் 'ஜோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் அந்தத் தென்காசி அலுவலகத்தில் உருவானதுதான். சீமைக் கம்பெனிகளும் காசு கொடுத்து வாங்கும் சரக்கு, குற்றாலச் சாரல் அடிக்கும் ஊரில் தயாராகிறது! எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்?

ஆக, கருவியில் குறையில்லை. எதைப் பலகையில் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'இரண்டு நாளுக்குள் முடிந்த புகார்கள்' என்ற ஒரே எண்ணைப் பெரிதாகப் போட்டு, அதை வைத்துச் சம்பள உயர்வும் கொடுத்தால், கீழே இருக்கிற பையன் என்ன செய்வான்? கெடு முடியும் நேரத்தில் ஒரு பொத்தானைத் தட்டி முடித்துவிடுவான். அவள் திரும்பக் கூப்பிட்டால் அது புதுப் புகார். மூன்று தடவை தீராத ஒரே பிரிட்ஜ், பலகையில் மூன்று வெற்றியாகப் பச்சையில் மின்னும்! மேலதிகாரியும் திருப்தியாக வீட்டுக்குப் போவார். எந்த எண்ணை வைத்து மனிதர்களை நெருக்குகிறோமோ, அந்த எண்ணின் நம்பகம் போய்விடுகிறது என்று சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1975-லேயே சொல்லிவிட்டார்.

அதே பலகையில் வேறு இரண்டு எண்கள் இருந்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஒன்று, முடித்த பிறகு மறுபடி திறந்த புகார் எத்தனை. இரண்டு, ஒரே போன் நம்பரிலிருந்து திரும்பத் திரும்ப வருவது எத்தனை.

கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்கும் பலகையிலும் இந்த வேடிக்கை உண்டு. (சர்வர் என்றதும் காபி கொண்டு வருகிறவரை நினைக்காதீர்கள், இது இயந்திரம்.) 'எங்கள் சர்வர் 99.9 சதவிகிதம் வேலை செய்கிறது' என்பார்கள். மீதி 0.1 சதவிகிதம் என்றால் மாதத்தில் 43 நிமிஷம். அந்த 43 நிமிஷமும் நடு ராத்திரியில் போனால் நமக்கென்ன? பரீட்சை முடிவு வரும் காலையில் போனால்? சராசரியும் அப்படித்தான். ஒன்பது பேருக்கு ஒரு விநாடியில் பதில், பத்தாவது ஆளுக்கு 51 விநாடி என்று வையுங்கள். சராசரி ஆறு விநாடி என்று பலகை சொல்லும். அந்தப் பத்தாவது ஆள் பலகையில் இல்லவே இல்லை.

என் சிநேகிதிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். புகார் எண்ணைத் தேதியோடு காலண்டரில் எழுதி வையுங்கள். 'புதுப் புகார் பதிகிறேன்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'பழைய எண்ணையே மறுபடி திறங்கள்' என்று கேளுங்கள். அப்போதுதான் அவர்கள் கணக்கில் தாமதம் தாமதமாகவே நிற்கும். சில கம்பெனிகளில் வேலை முடிந்ததற்கு அடையாளமாக ஓர் எண் உங்கள் செல்போனுக்கு வரும். பொருள் ஓடிப் பார்க்காமல் அதை யாரிடமும் சொல்லாதீர்கள். எதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அவள் முதல் புகார் எண்ணைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாலாம் நாள் ஒரு பையன் வந்து கதவைத் தட்டினான். அரை மணியில் வேலை முடிந்தது. மறுநாள் காலையில் இன்சுலின் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்தது. கூடவே செல்போனில் இன்னொரு செய்தி: 'எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம்?'

"ஒண்ணு போடலாம்னு பாக்கேன். ஆனா அந்தப் பையன் தலையிலல்லா விழும்? வெயில்ல வந்தவன், மோர் கூட அரை டம்ளர்தான் குடிச்சான்" என்றாள்.

அவனுக்கு ஐந்து போடச் சொன்னேன். கீழே எழுதுவதற்கென்று ஒரு கட்டம் இருந்ததாம். மூன்று புகார் எண்களையும் தேதிகளையும் அதில் எழுதச் சொன்னேன்.