மூக்குக் குழாயும் மருந்துச் சீட்டும்

"இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். என் மனைவியின் மூக்கில் ஒரு குழாய். என் கையில் ஒரு மருந்துச் சீட்டு.

"எல்லா மாத்திரையையும் பொடித்துக் கரைத்து ஊற்றுங்கள்" என்றாள் நர்ஸ். ஊற்றினேன், குழாய் அடைத்துக்கொண்டது. மருந்துக் கடைக்காரர்தான் பதறினார்: "ஐயோ சார்! மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்தும் ஒரேயடியாக அல்லவா உடம்பில் இறங்கும்!"

அன்பிருந்தால் போதும் என்கிறார்கள். போதாது ஐயா! ஊட்டும்போது தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்த வேண்டும் என்று அன்புக்குத் தெரியுமா? குழாயின் அடையாளக் கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் விடக்கூடாது, விட்டால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடலாம் என்று தெரியுமா? ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே கரைத்து, நடுவே தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும் என்றுதான் தெரியுமா?

பைசா பிசகாமல் பில் எழுதுகிறவர்களுக்கு இவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரக் கை வராதா? நம் கையால் ஒரு வேளை ஊட்டச் செய்து பார்க்காமல் வீட்டுக்கு அனுப்புவது வைத்தியமல்ல; கைகழுவுதல்.

நீங்களும் கூச்சப்படாதீர்கள். கற்றுக்கொள்ளாமல் அந்தப் படியை விட்டு இறங்காதீர்கள்.