ரோமாபுரிக்குப் போகுமுன் கொடுமணலுக்குப் போங்கள்!

ரோமாபுரி மிகப் பழைய நகரம். இத்தாலியின் தலைநகரம். ஒரு காலத்தில் பல நாடுகளைக் கட்டி ஆண்ட பேரரசின் தலைநகரமும் அதுவே.

முன்பெல்லாம் அந்த ஊரைப் பார்க்கப் பெரும் பணக்காரர்கள்தான் போவார்கள். இன்று அப்படி அல்ல. பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர் போகிறார். கோழிப் பண்ணை வைத்திருப்பவர் போகிறார். மகன் வெளிநாட்டில் வேலை பார்த்தால், தாய் தந்தையை அழைத்துச் சுற்றிக் காட்டுகிறான். நல்ல காரியந்தான். நாலு ஊர் பார்த்தால்தான் அறிவு வளரும்.

ஆனால், போகிறவர்கள் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்?

ஓட்டமோ ஓட்டம்!

கூட்டமாக அழைத்துப் போகும் சுற்றுலாக்களில் ரோமாபுரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே நாள்தான். அந்த ஒரு நாளில் பத்து இடம் பார்க்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கு, படம் எடு, மறுபடி ஏறு! சாயங்காலத்துக்குள் கால் வீங்கி விடுகிறது.

ஊர் திரும்பியதும், "என்னங்க பாத்தீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். "பெரிய பெரிய கட்டடமுங்க!" என்று பதில் வருகிறது. லட்சக்கணக்கில் செலவழித்தது இந்த ஒரு பதிலுக்குத்தானா?

மூன்று இடம் போதும்

ஒரே நாள்தான் என்றால், மூன்று இடங்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலாவது, கொலோசியம். கி.பி. 80-ல் திறந்த வட்டரங்கம். சுமார் 50,000 பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த இடம். என்ன வேடிக்கை? மனிதனை மனிதன் வெட்டிச் சாய்ப்பதும், மிருகங்களை விட்டுக் கடிக்க வைப்பதும்! கட்டடத்தின் அழகைப் பார்க்கும் கண், அங்கே சிந்திய ரத்தத்தையும் நினைக்க வேண்டும்.

இரண்டாவது, பாந்தியன் கோயில். கட்டி சுமார் 1,900 ஆண்டுகள் ஆகின்றன. அதன் வட்டக் கூரையின் அகலம் சுமார் 142 அடி. இரும்புக் கம்பியே போடாத கூரை! உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு. மழை பெய்தால் உள்ளே விழும். தரையிலுள்ள துளைகள் வழியாக வடிந்து போகும். கொத்து வேலை தெரிந்தவர் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பதும் தெரியாது.

மூன்றாவது, திரேவி நீரூற்று. இப்போதுள்ள நீரூற்றைக் கட்டி முடித்தது 1762-ல். ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் கி.மு. 19-ல் அமைத்தது. பல முறை செப்பனிட்டு, இன்றும் காப்பாற்றி வருகிறார்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீருக்கு முறை பார்த்துக் காத்திருக்கும் பல்லடத்து விவசாயிக்கு, இதன் அருமை மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

காசு வந்த கதை

அந்த நீரூற்றில் ஒரு வழக்கம் உண்டு. முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகக் காசை எறிய வேண்டும். எறிந்தால் மறுபடியும் அந்த ஊருக்கு வரலாம் என்பது நம்பிக்கை. அந்தக் காசைத் திரட்டி ஏழைகளுக்கு உதவுகிறார்கள்.

நம்மவர்களும் அங்கே காசு எறிகிறார்கள். எறியட்டும். ஆனால், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊர்க் காசு நம் ஊருக்கு வந்த கதை அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் ஒரு புதையல் கிடைத்தது. அதில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமாபுரி வெள்ளிக் காசுகள் இருந்தன!

அவை ஏன் வந்தன? இங்கே விளைந்த கல்லுக்காகவும் வந்தன. காங்கேயத்தை அடுத்த படியூரில், பெரில் என்ற கடல் நிறப் பச்சைக் கல் கிடைத்தது. ரோமாபுரிச் சீமாட்டிகளுக்கு அந்தக் கல்லின் மேல் மோகம். இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி காசு போய்விடுகிறதே என்று பிளினி என்ற ரோமாபுரி அறிஞர் புலம்பி எழுதியிருக்கிறார். அவர் கி.பி. 79-ல் காலமானவர்.

நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். கல்லை அறுத்து மணி செய்த தொழிற்கூடங்கள் இருந்த ஊர். சங்க நூலான பதிற்றுப்பத்து அதைக் "கொடுமணம்" என்கிறது. 1985 முதல் பல முறை அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். மணிகள் கிடைத்தன. தமிழ் எழுத்தில் பேர் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. ரோமாபுரி செழித்திருந்த காலத்திலேயே, நொய்யல் கரையில் சொந்தப் பானையில் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்!

முதலில் எங்கே?

கொலோசியத்தின் படத்தைக் காட்டினால் பள்ளிப் பிள்ளை உடனே பேர் சொல்கிறது. கொடுமணல் என்றால் விழிக்கிறது. குற்றம் பிள்ளைமேல் இல்லை. பெரியவர்கள் சொல்லித் தரவில்லை.

பல்லடத்திலிருந்து கொடுமணலுக்கு விமானம் வேண்டாம். காலையில் காரில் புறப்பட்டால் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். அங்கே மாட மாளிகை இல்லை. காடு தோட்டமும், பழைய ஈமக் கற்களும்தான் கண்ணில் படும். அதனால் என்ன? அந்த மண்ணில்தான் நம் கதை இருக்கிறது. சென்னைக்குப் போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள ரோமாபுரிக் காசுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அதற்குப் பிறகு ரோமாபுரிக்குப் போகட்டும். நீரூற்றின் முன்னால் நிற்கும்போது, "ஏனுங்கப்பா, இந்த ஊருக் காசுதானே நம்ம வெள்ளலூர்ல கெடச்சுது?" என்று பிள்ளை கேட்கும். அப்பாவுக்குக் கால் வலி மறந்து போகும். செலவழித்த பணமும் வீண் போகாது.